ஒட்டுக்கு மேலே நாலு விரல்

தெருக்கோடி வீடு
பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேராகச் சேதிக்கு வருகிறேன். சேதி நிறைய இருக்கிறது.

பெரிய பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பரீட்சையில் தேறிவிட்டான். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் கீழே நிற்கிற லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரித் தெரியுமாம். அவனுடைய மேஸ்திரியே வீடு தேடி வந்து, “உங்க பேரனுக்குக் கை நடுங்காது பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசிப் பேத்தி வாலு நீச்சலில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறாள். டிவி மேல் வைத்தேன், இந்தக் காலத்து டிவி தகடு மாதிரி இருக்கிறதே, நிற்கவில்லை. இப்போது அரிசி டின் மேல் நிற்கிறது. என் மகள் வயிற்றுப் பேரன் குண்டு இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை, ஆனால் போனைக் காதில் வைத்தால் “வேணாம்” என்று தெளிவாகச் சொல்கிறான். இந்த வயதில் எந்தப் பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொல்லும்? பேரப்பிள்ளைகளுக்கு மூளை எங்கள் பக்கம், மூக்கு உங்கள் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல மூக்குதான்.

நீங்கள் பார்சல் லாரியில் அனுப்பிய செண்பகச் செடி சேதம் இல்லாமல் வந்து சேர்ந்தது. வாசல் பக்கம் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த இடம் வெறுமையாக இருந்ததே, அங்கே வைத்துவிட்டோம். உங்கள் சம்பந்தி குழி தோண்டினார். பஸ் ஓட்டிய மனிதருக்கு மண்வெட்டியையும் ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துத்தான் பழக்கம், ஆனாலும் குழி நன்றாகவே வந்தது. எதிர்வீட்டு டெய்லரம்மா தன் வாசலில் ஒரு அலங்காரப் பனை வைத்துக்கொண்டு கொஞ்ச நாளாகத் தரையில் கால் படாமல் நடக்கிறாள். நம் செடி வளரட்டும், பிறகு பார்க்கலாம்.

உங்கள் கைராசி ஊருக்கே தெரியும். நீங்கள் ஒட்டுக் கட்டியது தழைக்காமல் போகுமா?

உங்கள் காது எப்படி இருக்கிறது? உங்கள் மகள் சுகம். போன வாரம் இருமல் இருந்தது, போய்விட்டது.

இப்படிக்கு,
மருமகனைப் பெற்றவள்


செடித் தோட்டம்
பிப்ரவரி 20

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. காது முழு ஓய்வு எடுத்துக்கொண்டது. என் மகள் போனில் கத்தினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்து என்ன ஆச்சு என்கிறார். எனக்கு எழுத்துதான் வசதி. மற்றபடி சுகமே.

பேரன் கிரேன் ஏறியது கேட்டுச் சந்தோஷம். கீழே பார்க்காமல் ஏணி ஏறச் சொல்லுங்கள். வாலுவுக்கு முத்தம். குண்டுவுக்கு இரண்டு.

செடிக்கு வருவோம். அடித்தண்டில் ஒரு முழங்கால் உயரத்துக்குக் கீழே முட்டி மாதிரி வீங்கிய இடம் ஒன்று இருக்கும். அதுதான் ஒட்டு. கீழே இருப்பது விதையில் முளைத்த சாதாரணச் செண்பகம், அது வேருக்காக. மேலே இருப்பது சீக்கிரம் பூக்கிற மரத்திலிருந்து எடுத்து இணைத்த கிளை. ஒட்டு எப்போதும் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும், காலடியில் தேங்கினால் வேர் அழுகும். சுற்றிக் காய்ந்த இலையைப் பரப்பி வையுங்கள். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அப்போதே கிள்ளிவிட வேண்டும். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்று பேரைப் பற்றியும் எழுதினீர்கள். நம் நடுப்பேத்தியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. நானாகவே சொல்கிறேன். சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் இங்கே வந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாக வேலை செய்கிறாள். அம்மா அப்பாவோடு வாரம் தவறாமல் பேசுகிறாள். உங்களோடு மட்டும்தான் பேச்சு நின்றிருக்கிறது. அதைத் தொடங்கிவைக்க வேண்டியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் செடிக்காரி.

அன்புடன்,
தோட்டத்துச் சம்பந்தி


தெருக்கோடி வீடு
ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே கடைசிப் பக்கத்தில் காப்பி கொட்டிவிட்டது. செடி சம்பந்தமான இடம் வரைக்கும் தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே ஒரு எழுத்தும் தெரியவில்லை. அவ்வளவு முக்கியமாக ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பேரனுக்கு இப்போது ராத்திரி ஷிப்டும் கொடுத்துவிட்டார்கள். நம்பிக்கை இருப்பவர்களுக்குத்தான் ராத்திரி ஷிப்ட் கொடுப்பார்களாம். வாலு வகுப்புக்குத் தலைவி ஆகியிருக்கிறாள். வீட்டிலும் எங்களை வரிசையாக நிற்கவைக்கப் பார்க்கிறாள்.

செடியைச் சொல்ல மறப்பேனா! ஒன்றுக்கு இரண்டாக வளர்கிறது. நீங்கள் அனுப்பிய கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூக்கம் வந்தவள் மாதிரி நிற்கிறது. ஆனால் கீழேயிருந்து ஒன்று கிளம்பியிருக்கிறது பாருங்கள், கம்பு நட்டது போல நேராக, பெரிய பெரிய இலையாக, நாளுக்கு நாள் உயரமாக! அதற்குத் துரை என்று பேர் வைத்துவிட்டேன். காலையில் கதவைத் திறந்ததும் துரை முகத்தில்தான் விழிக்கிறேன்.

டெய்லரம்மா வந்து எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, கீரை போட்டிருக்கீங்களா?” என்றாள். “ஆமாடி, உன் பனைமரத்துக்கு மேல வளர்ற கீரை” என்றேன். வாயை மூடிக்கொண்டு போனாள்.

நீங்கள் கிள்ளச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மனசு வரவில்லை. நம் வாசலில் தலையெடுப்பதை நாமே கிள்ளுவதா?

உங்கள் இடுப்பு வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? தேய்க்க ஆள் இருந்தால் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருமகனைப் பெற்றவள்


செடித் தோட்டம்
ஏப்ரல் 14

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

போன தடவை கடைசிப் பக்கத்தில் காப்பி கொட்டிவிட்டது என்றீர்கள். அதனால் இந்தத் தடவை முதலிலேயே எழுதிவிடுகிறேன், காப்பி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள்.

நடுப்பேத்தி சுகம். லோடு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். மொத்தமாகச் செடி எடுக்கிற ஓட்டல்காரர் ஒருவர், வாடிப்போன செடி என்று பாதியைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்.

“சார், இது வாடின செடி இல்ல. உங்க ஆளுங்க ஏசி மிஷின் பின்னாடி வச்ச செடி. நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், காட்டட்டுமா?” என்று கேட்டாளாம்.

அவர் ஒரு செடிகூடத் திருப்பவில்லை. போகும்போது, “இந்தப் பொண்ணு வக்கீலாகியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவளே வந்து என் முன்னால் நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து என் இடுப்பு வலி இன்னும் கூடிவிட்டது. தைலம் தேய்ப்பது யார் என்றுதானே கேட்டீர்கள்? அவள்தான்.

இனித் துரைக்கு வருகிறேன். சம்பந்தியம்மா, அதை எடுத்துவிடுங்கள். அது வேர்ச்செடியின் கிளை. நேராக நிற்பதும் வேகமாக வளர்வதும் அதன் குணம். மேலே போக வேண்டிய சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும், மேலே இருப்பது மெதுவாகப் பட்டுப்போகும். துரை பூக்க எத்தனையோ வருஷம் ஆகும். மேலே இருப்பது இரண்டாம் வருஷமே மொட்டு வைக்கும். பக்கவாட்டுக் கிளையிலிருந்து எடுத்த ஒட்டு முதலில் சாய்ந்துதான் நிற்கும், ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டினால் நிமிர்ந்துவிடும். அந்த ஒட்டைக் கட்டிய கை அதற்காகப் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சம்பந்தி அவர்களின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தோட்டத்துச் சம்பந்தி


தெருக்கோடி வீடு
ஜூன் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வெயிலில் கண் எரிச்சல், வேறொன்றும் இல்லை. அவருடைய முழங்கால் படியைப் பார்த்தால் வலிக்கும், டீக்கடையைப் பார்த்தால் வலிக்காது.

குண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். நடந்த முதல் நாளே ஓடினான். பேரன் சம்பளத்தில் எனக்கு ஒரு மின்விசிறி வாங்கித் தந்திருக்கிறான். சத்தமே இல்லை, ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

துரை என் தோளுக்கு வந்துவிட்டான். இனி அவனை வெட்டச் சொல்லாதீர்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். தபால்காரர், “என்ன மரம்மா இது, இந்தப் போக்கு போகுது?” என்றார். டெய்லரம்மா ஒரு நாள் என்னைக் கேட்காமலே அதற்குத் தண்ணீர் ஊற்றினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி வளர்கிற பிள்ளையை வெட்டிவிட்டுப் படுத்துக் கிடப்பதைத் தூக்கி நிறுத்து என்கிறீர்கள். எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. நான் அஞ்சாம் வகுப்பு.

மேலே இருக்கிறதே அந்தச் சாய்ந்த கிளை, அது இலையைக் கொட்டுகிறது. பார்க்க நன்றாக இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை விட்டு அதை எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். உங்கள் கைராசிதான் துரையாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பொதுவாகத்தான் சொல்கிறேன். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள், சின்ன வயதில் மூச்சு இழுப்பு இருந்தவர்கள், எருவும் மண்ணும் கலக்கும்போது வாயில் துணி கட்டிக்கொள்வது நல்லது. அங்கே அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். யாரும் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மருமகனைப் பெற்றவள்


செடித் தோட்டம்
ஜூன் 14

சம்பந்தியம்மாவுக்கு,

நலம் கேட்க நேரமில்லை, அவசரமாக எழுதுகிறேன். மேலே இருக்கும் கிளையை வெட்டாதீர்கள்.

நீங்கள் திரும்பத் திரும்ப என் கைராசி என்கிறீர்கள். நானும் ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. என் விரல்கள் இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்கக்கூட நடுங்குகின்றன, நான் எங்கே ஒட்டுக் கட்டுவது? அந்தச் செண்பகத்தைக் கட்டியது உங்கள் நடுப்பேத்தி. வந்த புதிதில் அவள் கட்டியதெல்லாம் கறுத்துக் கறுத்து விழுந்தது. கட்டுவாள், கருகும், குப்பையில் போடுவாள், மறுபடியும் உட்காருவாள். முதன்முதலில் பிடித்துத் துளிர்விட்டது இந்த ஒன்றுதான். அதை விற்க மாட்டேன், பாட்டி வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும் என்றாள்.

“யார் கட்டினதுன்னு சொல்லாதீங்க. சொன்னா பாட்டி வாங்க மாட்டாங்க. பூ விடட்டும், அப்புறம் நானே போய் சொல்லிக்கிறேன்” என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். வாக்கை மீறிவிட்டேன். அவளுக்கு இது தெரியாது.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

தோட்டத்துச் சம்பந்தி


தெருக்கோடி வீடு
ஜூலை 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே வெட்டியாகிவிட்டது.

அவர் அப்போதே கேட்டார். “அவங்க வேணாம்னு எழுதியிருக்காங்களே, இன்னொரு தடவை எழுதிக் கேட்டுக்கலாமே.”

“வாசல் நம்முது” என்றேன். ரம்பத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒட்டு என்று சொன்னீர்களே அந்த முட்டி, அதற்கு மேலே நாலு விரல் அளவுக்குக் கட்டை நிற்கிறது. அதுவும் ரம்பம் அந்த இடத்தில் நழுவியதால். இலை ஒன்றும் இல்லை. வெட்டிய கிளை மூலையில் காய்ந்து கிடக்கிறது. அதைத் தூக்கிப் போட எனக்கு இரண்டு வாரமாகக் கை வரவில்லை.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். தண்ணீர் கூடுதலாக விடவா? எருப் போடவா? அந்தக் கட்டை பிழைக்குமா?

இதை அங்கே சொல்ல வேண்டாம்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எப்படி இருக்கிறீர்கள்?

மருமகனைப் பெற்றவள்


செடித் தோட்டம்
ஜூலை 9

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நான் சுகமே. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் கோபம் இல்லை. என் தோட்டத்தில் நான் தவறாக வெட்டியதையெல்லாம் நட்டிருந்தால் ஒரு காடு ஆகியிருக்கும்.

ஆனால் மருந்து சொல்ல மாட்டேன். கட்டியவள் இங்கேயே இருக்கிறாள். எந்த உயரத்தில் கட்டினாள், துளிர்க்கிற கண்ணில் எதை மேல்நோக்கி விட்டாள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லாதீர்கள் என்றாள், மறைத்தேன். இப்போது நீங்கள் சொல்லாதீர்கள் என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் இந்தச் செவிடி எத்தனையைத்தான் மூடி வைப்பாள்?

விலாசம் இதேதான். பேரை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

ஒரு விஷயம், உங்கள் பழைய கடிதத்துக்குப் பதில். இங்கே எரு கலக்கும்போது ஒருத்தி வாயில் துணி கட்டிக்கொள்கிறாள். ‘பொதுவாக’ வந்த அறிவுரையைப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஒரு நாளும் மறக்கவில்லை.

அன்புடன்,
தோட்டத்துச் சம்பந்தி


தெருக்கோடி வீடு
ஜூலை 30

நடுவுலவளுக்குப் பாட்டி எழுதுவது.

நலமா? நான் நலம். தாத்தா நலம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? சளி பிடிக்கிறதா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை உன் அண்ணனைப் பற்றி எழுதிக்கொண்டே போய்த் தாள் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை வாலுவைப் பற்றி. அதனால் இப்போது நேராகச் சொல்கிறேன்.

நீ கட்டி அனுப்பிய செண்பகத்தை நான் வெட்டிவிட்டேன். நீ கட்டியது என்று எனக்குத் தெரியாது, அது வேறு விஷயம். தெரியாமல் வெட்டினாலும் வெட்டியது வெட்டியதுதான். உன் தோட்டத்துப் பாட்டி வேண்டாம் என்று எழுதினார்கள், அதற்கு மேலும் வெட்டினேன். கீழேயிருந்து கிளம்பியது நேராக வளர்ந்தது. தெரு முழுக்கப் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒட்டுக்கு மேலே நாலு விரல் கட்டை இருக்கிறது. வெட்டிய இடம் கறுத்திருக்கிறது. பக்கத்தில் துரை, அதாவது அந்தக் கீழ்க்கிளை, இப்போது என் தலைக்கு மேலே. நான் என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

இங்கே செடிக்காரர் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. உன்னைக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

பாட்டி


செடித் தோட்டம்
ஆகஸ்ட் 6

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நலம். தொண்டையும் நலம், துணி கட்டிக்கொள்வதால் திருடி மாதிரி இருக்கிறேன், அது ஒன்றுதான் குறை. உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் தோட்டத்துப் பாட்டிக்கு வந்தது என்று நினைத்து அவர் மேஜையில் வைத்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு, “கண்ணு அவிஞ்சு போச்சா? பேரப் படி” என்றார். படித்தேன். உறையைப் பிரிக்கவே பயமாக இருந்தது.

வெட்டிவிட்டேன் என்கிற இடத்தில் கொஞ்சம் அழுதேன். பொய் சொல்ல விரும்பவில்லை. பிறகு ‘தலைக்கு மேலே துரை’ என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. செடிக்குத் துரை என்று உங்களைத் தவிர யார் பேர் வைப்பார்கள்! நான் வக்கீல் இல்லை பாட்டி, ஆனாலும் உங்கள் கேஸை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த நாலு விரல் கட்டையில் நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்க வேண்டாம்.

பச்சை என்றால், துரையை வெட்ட வேண்டும். கொஞ்சமாகக் குறைப்பது இல்லை, தண்டோடு ஒட்ட அறுத்து, கட்டையே விடாமல். அப்போதுதான் வேர் குடிக்கிற தண்ணீருக்குப் போக வேறு வழி இருக்காது, அந்த நாலு விரலைத் தேடிப் போகும். வெட்டின இடத்தில் இதோடு வருகிற டப்பாவில் இருக்கும் பசையைத் தடவுங்கள். இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது, அதனால் தண்ணீர் குறைவாக விடுங்கள். பாவம் பார்த்து ஊற்றினால் அழுகிவிடும்.

பாட்டி, ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். துரையை விட்டுவைத்தால் உங்களுக்கு ஒரு மரம் நிச்சயம். நல்ல நிழல் தரும், பல வருஷம் கழித்துப் பூவும் வரும். துரையை வெட்டி, அந்தக் கட்டை துளிர்க்காமலும் போனால் வாசலில் வெறும் குச்சிதான் நிற்கும். எதிர்வீட்டு அத்தை ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். துரையை வைத்துக்கொண்டாலும் நான் கோபப்பட மாட்டேன். வருத்தப்பட மாட்டேன் என்று மட்டும் எழுத முடியவில்லை.

தாத்தாவிடம் ரம்பத்தைத் தீட்டி வைக்கச் சொல்லுங்கள். எதற்கானாலும்.

உங்கள்
நடுவுலவள்


தெருக்கோடி வீடு
அக்டோபர் 18

அன்புள்ள நடுவுலவளுக்கு,

நீயும் உன் தோட்டத்துப் பாட்டியும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, தாத்தாவுக்கு முழங்கால் வலியோடு டீக்கடையும் கிட்டத்தில் வந்துவிட்டது போல, தினமும் இரண்டு நடை. மற்றபடி சுகம். உனக்குப் பதில் எழுதாமல் இவ்வளவு நாள் இருந்ததற்குக் காரணம், எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்ததுதான். இப்போது எழுத ஒன்று இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே சுரண்டிப் பார்த்தேன். பச்சை.

பிறகு நாலைந்து நாள் சும்மா இருந்தேன். துரையைப் பார்ப்பேன், உள்ளே போவேன், மறுபடியும் வந்து பார்ப்பேன். காற்று அடித்தால் அந்தப் பெரிய இலையெல்லாம் கைதட்டுவது மாதிரி இருக்கும். ஒரு நாள் காலையில் தெரு முழுக்க நடமாட்டமாக இருக்கிற நேரத்திலேயே தாத்தாவைக் கூப்பிட்டேன்.

“நல்லா யோசிச்சுட்டியா? தெருவே பாக்குற மரம் இது. அறுத்தப்புறம் ஒட்ட முடியாது” என்றார்.

“ஒட்டுறதுக்கு ஆள் இருக்கு. ரம்பத்தக் குடுங்க” என்றேன்.

ரம்பத்தை அவரிடம் கொடுக்கவில்லை. நானே அறுத்தேன். பாதியில் கை வலித்தது, மாற்றிப் பிடித்துக்கொண்டேன். துரை கீழே விழுந்த சத்தம் கேட்டு டெய்லரம்மா தைக்கிற துணியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்துவிட்டாள்.

“அய்யோ அக்கா, என்ன பண்றீங்க! நல்லா வளர்ந்த மரத்தை!”

“என் பேத்தி சொன்னா, வெட்டுறேன்.”

“வாலுவா? அவளுக்கு என்ன தெரியும்?”

“நடுவுலவ.”

“வக்கீலுக்குப் படிக்கிறாளே, அவளா? அவளுக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?”

உன்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் வெளியூரில் படிக்கிறாள் என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். டெய்லரம்மாவிடம் ஒன்று சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

“படிக்கல. விட்டுட்டா. செடி கட்டுறா. இது அவ கட்டின மரம், நான்தான் தெரியாம வெட்டிப்புட்டேன். இப்ப அவ சொல்றபடி செய்யறேன்.”

டெய்லரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்தக் கட்டையைப் பார்த்தாள். “இதுவா துளிர்க்கப் போவுது?” என்றாள். “துளிர்த்தா துளிர்க்குது, இல்லன்னா அவ வேற கட்டித் தருவா” என்றேன். நீ அப்படிச் சொல்லவில்லை, தெரியும். நானாகத்தான் சொன்னேன்.

பசை தடவினேன். தண்ணீர் குறைத்தேன். மழையில் தேங்காமல் தாத்தா சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டார், இந்த முறை வளைந்து வளைந்து போகிறது, பஸ் ரூட் மாதிரி. வாசலில் ஒரு குச்சி. அதைச் சுற்றி நாய் வராமல் இருக்க நாலு செங்கல். போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். டெய்லரம்மா சிரிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் காலையில் வந்து என்னோடு சேர்ந்து குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நாள் எனக்கே வெறுத்துப்போய்ப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். அவள்தான் வெளியேயிருந்து கத்தினாள். “அக்கா! வாங்கக்கா! சீக்கிரம்!”

கட்டையின் பக்கவாட்டில், கறுப்புக்குக் கொஞ்சம் கீழே, கடுகு அளவுக்குப் பச்சை. ஒட்டுக்கு மேலேதான். விரலை வைத்து அளந்து பார்த்துவிட்டேன், நன்றாக மேலேதான். இன்றைக்கு அது இரண்டு இலை. மூன்றாவது சுருட்டிக்கொண்டு நிற்கிறது. சாய்ந்துதான் வருகிறது. குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டியிருக்கிறேன், கட்டு சரிதானா என்று நீ வந்து பார்த்தால்தான் தெரியும். கீழே ஒன்று துளிர்க்கப் பார்த்தது, அப்போதே கிள்ளிவிட்டேன். கிள்ளும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

டெய்லரம்மா தனக்கும் ஒரு செண்பகம் வேண்டும் என்கிறாள். பனை இருக்கிற பக்கமே வைத்துக்கொள்கிறாளாம். நீயே கட்டியதாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முடியும்போது அனுப்பு. ஆனால் என்னுடையதைவிட நல்லதாக அனுப்பிவிடாதே.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கூடத்துச் சுவரில் உன் படம் ஒன்று மாட்டியிருக்கிறது, கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கு யாரோ ஒருத்தியிடம் கறுப்புக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்கிறார்கள், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று அதைக் கழற்றிவிட்டேன். ஆணி சும்மா நிற்கிறது. வேறு ஒன்று எடுத்து அனுப்பு. தலை வாரிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் எடுத்தது வேண்டாம். நீ ஒட்டுக் கட்டுகிற இடத்தில், கையில் மண்ணும் கத்தியுமாக, என்ன உடுத்தியிருக்கிறாயோ அப்படியே. வாயில் கட்டியிருக்கிற துணியை மட்டும் ஒரு நிமிஷம் இறக்கிவிட்டுக்கொள், முகம் தெரியட்டும். போனில் அனுப்பினால் சுவரில் மாட்ட முடியாது. பெரியதாகக் கழுவி, மடியாத உறையில் போட்டு, தபாலில் அனுப்பு.

உன் வரவையும் படத்தையும் எதிர்பார்க்கும்,
பாட்டி